ஒன்றாம் நிலைக்காரர்

சித்திரை மாதத்துக் குற்றாலத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. அருவி விழுகிற பாறை காய்ந்து கறுத்துக் கிடக்கும். துண்டுக் கடைகளும் எண்ணெய்க் கடைகளும் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கும். குரங்குகள்கூட வாங்கித் தின்ன ஆள் கிடைக்காமல் இலஞ்சிப் பக்கம் தோப்புகளுக்கு இறங்கிவிடும். அப்படியொரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தென்காசியிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, பழைய குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் அந்த விடுதியின் வாசலில் போய் நின்றேன்.

என் பெயர் உமா மகேஸ்வரி. வயது முப்பத்தொன்பது. லாட்ஜ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கே கேமராவும் வைஃபையும் கேட்கிறார்களோ அங்கே ஒயர் இழுத்து ஸ்விட்ச் வைத்துக் கொடுப்பது என் தொழில். தனியாகத்தான் இருக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்குப் பிடி கொடுக்காமல் பேசவும் பழகிவிட்டேன். பேய், ஆவி என்று யாராவது சொன்னால் முதலில் ஒயரைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது.

கேட்டுக்கு உள்ளேயிருந்து வாட்ச்மேன் சுடலைமாடன் எழுந்து வந்தார்.

"மேடமா? திங்கக்கிழமதான எல்லாரும் வாரதா சொன்னாவ. நீங்க இன்னைக்கே வந்திருக்கிய?"

"கீழ் ரூம்ல பெட்டி ஓடுதான்னு பாத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு முழிக்க முடியாதுல்லா."

பொய் அழகாக வந்தது. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகியிருந்தது.

அவர் சாவியை எடுத்து நீட்டினார். "நானும் கூட வரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடு என்ற கெஞ்சல் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

"வேண்டாம். நீங்க இங்கனயே இருங்க."

"பெயிண்ட் அடிக்கவனுவ கேட்டானுவன்னு போன வாரம் உள்ள கரண்ட் விட்டிருக்கு. அதுலேர்ந்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல. சீக்கிரம் வந்திருங்க."

நான் எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஸ்விட்சுக்குள் ஒரு எண்ணை மாற்றப் போனேன். ஒன்று என்று இருப்பதைப் பதினைந்து என்று ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஸ்விட்ச் என்பது ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. கட்டடத்தில் உள்ள கேமரா, கம்ப்யூட்டர், கதவுப் பூட்டு எல்லாவற்றின் ஒயரும் அதில் வந்து சேரும். ஒயர் செருகுகிற துளைக்குப் போர்ட் என்று பெயர்; மொத்தம் நாற்பத்தெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. அதோடு பேசுவதற்குப் படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். அடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை உண்டு. ஒன்றாம் நிலைக்காரர் பார்க்கலாம். எந்த ஒயர் உயிரோடு இருக்கிறது, எதில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று எல்லாம் தெரியும், ஆனால் எதையும் தொட முடியாது. பதினைந்தாம் நிலைக்காரர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒன்றில் நிற்பவருக்கு வரியின் முனையில் அம்புக்குறி தெரியும், பதினைந்தில் நிற்பவருக்கு ஹாஷ் குறி தெரியும். கீழேயிருந்து மேலே ஏற வேண்டுமானால் 'எனேபிள்' என்று அடித்து ஒரு ரகசியச் சொல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் என்னிடம் மட்டும் இருந்தது.

அந்த விடுதியில் ஒன்றாம் நிலைக்காரர் தாணு அண்ணாச்சி. ஐம்பத்தாறு வயது. இலஞ்சியில் கேபிள் டிவி நடத்தி, அது படுத்த பிறகு இங்கே எல்லா வேலைக்குமான ஆளாக வந்து சேர்ந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் இசக்கிச்செல்வி வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். சீசன் முடிந்தால் அத்தனை பெரிய கட்டடத்தில் அவரும் வாட்ச்மேனும்தான். நான் ஸ்விட்சைக் காட்டிக் கொடுத்த அன்று பொம்மைக் கடையைப் பார்த்த பிள்ளை மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் போன் வரும்.

"மேடம், நாப்பத்தெட்டுல நாப்பத்தொண்ணு பச்சையா எரியுது. ஏழு அணைஞ்சிருக்கு. சரியா?"

"சரி அண்ணாச்சி."

"சாப்பிட்டியளா?"

தென்காசியில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே மனிதர் அவர்தான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"என்னையும் மேல ஏத்திவிடக் கூடாதா மேடம்? எல்லாம் படிச்சு வச்சிருக்கேன்" என்று நாலைந்து தடவை கேட்டார். ஒரு மாசம் போகட்டும் என்றேன். பதினோரு மாசம் போனது. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். இடத்தில் இருக்கிற ஆளுக்கு ஒன்று கொடுப்போம், பதினைந்தை நாங்களே வைத்துக்கொள்வோம். சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் பிறகு எங்களை யார் கூப்பிடுவார்கள்?

போன வருஷம் இதே சித்திரையில், ஒரு மத்தியானம் மூன்று மணி வாக்கில், கீழ் ரூமில் யூ.பி.எஸ். பேட்டரி புகைய ஆரம்பித்தது. தாணு அண்ணாச்சி உள்ளே இருந்தார். கதவில் கார்டு தேய்க்கிற பெட்டி முதலில் செத்தது. கதவைப் பிடித்து நிறுத்தும் காந்தம் மட்டும் ஸ்விட்சின் பதினாலாம் போர்ட்டிலிருந்து கரண்ட் வாங்கிக்கொண்டு பிடித்த பிடியை விடவில்லை. ஒயரைப் பிடுங்கலாம் என்றால் ஸ்விட்ச் இருக்கிற இரும்பு வலை அலமாரிக்குப் பூட்டு, சாவி என்னிடம். யூ.பி.எஸ். பக்கம் போகவே முடியாது. மேசைக் கம்ப்யூட்டரில் பதினாலாம் போர்ட்டை மூடு என்று ஒரு வரி அடித்தால் கதவு திறந்திருக்கும். அந்த வரியை அடிக்க அவருக்கு அனுமதி இல்லை. நான் வீட்டில் இருந்தபடியே அதை அடித்திருக்க முடியும். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் தீயணைப்புக்குக்கூடப் பேசாமல் என்னையே நாலு தடவை கூப்பிட்டார்.

நான் ஃபேனுக்குக் கீழே சும்மா படுத்திருந்தேன். போன் மேசையில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். திரும்பவும் நாப்பத்தொண்ணு பச்சை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

போலீஸ் கேட்டபோது போன் சைலன்டில் இருந்தது என்றேன். அவருக்கு முழு அனுமதியும் கொடுத்திருந்தேன், ஒரு வரி அடித்தால் போதும், பாவம் அவருக்குத் தெரியவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஊரும் அதையே சொன்னது, தெரியாமலேயே செத்துப்போனான் என்று.

மகள் மட்டும் விடவில்லை. வழக்குப் போட்டுவிட்டு என்னையும் தேடி வந்தாள்.

"பணம் கெடக்கு அக்கா. எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கிய. எங்கிட்ட மணிக்கணக்கா இதத்தான் பேசுவாவ. எப்படித் தெரியாமப் போவும்?"

"பதட்டத்துல மறந்திருக்கும்மா" என்றேன்.

திங்கட்கிழமை அவள் முன்னால், திருநெல்வேலியிலிருந்து பென்னி என்ற நிபுணர் வந்து அந்த ஸ்விட்சைத் திறந்து படிக்கப் போகிறார். அதற்குள் தாணு என்ற பெயருக்கு எதிரே இருக்கும் ஒன்று பதினைந்தாகிவிட வேண்டும். இல்லையென்றால் என் தொழில், பெயர், நான் சொன்ன சத்தியம் எல்லாம் போய்விடும்.

பதினெட்டுப் படி இறங்கினால் கீழ் ரூம். படிக்கு மேலே வரை பெயிண்ட் வாசனை இருந்தது. கீழே அது நின்றுபோய், எரிந்த பிளாஸ்டிக்கின் வாசனை வந்தது. ஒரு வருஷம் ஆகியும் போகவில்லை. நான் நடக்க நடக்க, ஆள் வந்தால் தானாக எரியும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, எனக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

கதவைத் திறந்து, அது மூடிவிடாமல் ஹெல்மெட்டை நிலைப்படியில் அண்டக் கொடுத்தேன். கதவின் மேல் அந்தக் காந்தம் கறுத்துப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கழற்றவில்லை. ஜன்னல் இல்லாத ரூம். சுவரெல்லாம் புகை. மேசைக் கம்ப்யூட்டரைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அதன் ஒயர் முனை கருகித் தரையில் கிடந்தது.

அலமாரியின் இரும்பு வலையில், பூட்டுக்குப் பக்கத்தில், பெயிண்ட் உரிந்து கீறல் கீறலாக இருந்தது. எலி என்று நினைத்துக்கொண்டேன். எலிக்கு அவ்வளவு உயரம் எட்டாது என்பதை நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பூட்டைத் திறந்தேன். உள்ளே ஸ்விட்ச் விசிறிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைக் கன்சோல் ஒயர் போட்டு நேராக இணைத்து என் பெயரில் நுழைந்தேன். ஹாஷ் குறி வந்தது. கரண்ட் போய் வந்த ஸ்விட்ச் தேதியை மறந்து 1993-க்குப் போயிருக்கும். எங்கே போனாலும் முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருத்துவது என் பழக்கம். யோசிக்காமலே திருத்தினேன். சனிக்கிழமை, மூன்று மணி முப்பத்திரண்டு நிமிஷம்.

அப்புறம்தான் போர்ட் விளக்குகளைப் பார்த்தேன். நாற்பத்தெட்டில் இரண்டு மட்டும் பச்சை.

ஒன்று பதினாலு. கறுத்துப்போன அந்தக் கதவுக் காந்தம்.

இன்னொன்று மூன்று. மேசைக் கம்ப்யூட்டர்.

குனிந்து மூன்றாம் போர்ட்டின் ஒயரைக் கையில் பிடித்து, விரலாலேயே தடவிக்கொண்டு போனேன். அலமாரிக்குப் பின்னால், சுவரோரமாக, மேசைக்குக் கீழே. கருகின முனையில் வந்து முடிந்தது. அந்தப் பக்கம் எதுவும் இல்லை. ஷார்ட் ஆகியிருக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். அந்த ரூமில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று ஸ்விட்சைக் கேட்டேன். அதற்கு ஒரு கட்டளை உண்டு.

இரண்டு வரி வந்தது.

உமா. கன்சோல்.

தாணு. மூன்றாம் போர்ட் வழியாக.

பக்கத்தில், கடைசியாக விசை தட்டி எத்தனை விநாடி ஆயிற்று என்று காட்டும் இடம். நாலு. மறுபடி கேட்டேன். இரண்டு.

அதே நேரம் திரையின் அடியில், நான் எதுவும் அடிக்காமலே, யார் எப்போது என்ன செய்தார் என்ற குறிப்பை ஸ்விட்ச் எழுத ஆரம்பித்தது. தாணு எனேபிள் கேட்டார், மறுக்கப்பட்டது. தாணு எனேபிள் கேட்டார், மறுக்கப்பட்டது. மூன்று தடவைக்கு ஒரு சின்ன இடைவெளி. திரும்பவும் மூன்று. சொல் தெரியாத மனிதர் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்க்கிற வேகம்தான் அது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குப் புரிந்தது. ஒன்றாம் நிலை. பார்க்க மட்டும்தான் முடியும். ஒரு வருஷமாக அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்த நிமிஷம் எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. அப்படி இருந்தும் கை நிற்கவில்லை. என் காரியம் எனக்கு. தாணு என்ற பெயரை எடுத்து, எதிரே பதினைந்து என்று அடித்தேன். சேமித்தேன். அவர் உயிரோடு இருந்தபோது கேட்டுக் கேட்டுக் கிடைக்காததை, என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள இருபது விநாடியில் கொடுத்துவிட்டேன். மணி மூன்று நாற்பத்தொன்று.

எனேபிள் வரிகள் நின்றன.

ரூம் அமைதியானது. அப்போதுதான் இத்தனை நேரம் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் விசிறிச் சத்தம் இல்லை என்று தெரிந்தது. யாரோ வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்ட சத்தம் அது. நின்ற பிறகுதான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

திரும்பினேன்.

கதவு மூடியிருந்தது.

நிலைப்படியில் அண்டக் கொடுத்த ஹெல்மெட் என் காலடியில் கிடந்தது.

ஓடிப்போய் இழுத்தேன். காந்தம் பிடித்திருந்தது. மலையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. எரிந்த வாசனை பழையது இல்லை இப்போது, கண் எரிந்தது, தொண்டை கமறியது. அண்ணாச்சி என்று கத்தினேன். எந்த அண்ணாச்சியைக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பதறாதே, உனக்குப் பதினைந்து இருக்கிறது, ஒரு வரிதான் என்று சொல்லிக்கொண்டு லேப்டாப்புக்கு வந்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். வருஷம் பதினாறாக இதே வேலை பார்க்கிறேன், போர்ட்டை மூடுகிற ஒற்றை வரி எனக்கு வரவில்லை.

மூன்றாவது தடவை அடிப்பதற்குள் திரையில் குறிப்பு ஓடியது.

போர்ட் பதினாலு மூடப்பட்டது. மூடியவர் தாணு.

டக்.

கதவு மெல்ல அகன்றது. என் துப்பட்டாவின் முனை, காற்றே இல்லாத ரூமில், கதவுப் பக்கமாக இழுபட்டு விழுந்தது. வெளியே தாழ்வாரத்தில் முதல் விளக்கு எரிந்தது. அடுத்து இரண்டாவது. மூன்றாவது. நான் அசையவே இல்லை. படி வரைக்கும் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, நடக்கிற வேகத்தில் எரிந்துகொண்டே போயின.

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சுடலைமாடன் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். ரோட்டைப் பார்த்து, "இப்பதான் போனாப்புல இருந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

"யாரு?"

"தெரியல மேடம். கேட் கதவுதான் ஆடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் இருந்தேன். குறிப்பை அழிக்காமல் வந்துவிட்டோம் என்பது காலையிலேயே உறைத்தது. திரும்பிப் போய் ஒரு வரி அடித்தால் எல்லாம் அழிந்துவிடும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இலஞ்சி வரை போனேன். கோயில் வாசலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நின்று, திரும்பி வந்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் வாடிக்கையாளர்கள். ஒரு பெயரில் விரல் நின்றது, அந்த எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் கீழ் ரூமில் நின்றோம். பென்னி ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் ரகசியச் சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இசக்கிச்செல்வி சுவரைத் தொடாமல் ரூமின் நடுவில் நின்றாள்.

"தாணுங்கிற பேருக்கு நேரா... பதினைஞ்சு இருக்கு" என்று படித்தார் பென்னி.

அவள் தலை தாழ்ந்தது. நான் சொன்னது மெய்யாகிவிட்டது. அப்பாவுக்குத் தெரியவில்லை என்று கடைசியில் அவளும் நம்பப் போகிறாள். இதற்காகத்தானே வந்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் பென்னி. "இது சனிக்கிழமை மூணு நாப்பத்தொண்ணுக்கு மாத்தினது. உமாங்கிற பேர்ல. அதுக்கு முன்ன ஒண்ணுதான் இருந்திருக்கு." மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்தார். "அடுத்த நிமிஷமே தாணுங்கிற பேர்ல யாரோ பதினாலாம் போர்ட்டை மூடியிருக்காங்க. நேரா வந்து, ஒரே வரி. ஒரு எழுத்துப் பிசகல. மேடம், இதுவும் நீங்களா?"

"நான் இல்ல" என்றேன். "எனக்கு அன்னைக்கு அந்த வரி அடிக்க வரல."

இனி மறைக்க என்ன இருக்கிறது? இசக்கிச்செல்வியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "உங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்மா. நாந்தான் குடுக்கல. பதினோரு மாசமா கேட்டாவ. குடுக்கல. போலீஸ்ல சொன்னது பூராம் பொய்."

"தெரியும்" என்றாள் அவள். "எங்கப்பாவுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்." பிறகு கேட்டாள். "நாலு தடவ கூப்பிட்டிருக்காவளே. ஏன் அக்கா எடுக்கல?"

காரணம் ஏதாவது இருந்திருக்கலாம். ஒரு வேலை, ஒரு காய்ச்சல், எதுவாவது.

"சும்மா படுத்திருந்தேன்" என்றேன்.

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியேறி வெளியே போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம்" என்று கூப்பிட்டார் பென்னி. அவர் இன்னும் திரையிலேயே இருந்தார். "மூணாவதா ஒரு வரி இருக்கு. அதே நிமிஷம், தாணு பேர்லேர்ந்துதான். உங்க பேரை எடுத்துப் பதினைஞ்சை ஒண்ணாக்கியிருக்கு."

நான் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். வழக்கு நடக்கிறது. வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அது கிடக்கட்டும்.

போன வாரம் ஆய்க்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புது ஸ்விட்ச் வைக்கப் போனேன். காலை பதினோரு மணி. வராந்தா முழுக்க வெயில், பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி சீல் ஒட்டியிருந்த பெட்டியை நானே கத்தியால் கீறித் திறந்தேன். கரண்ட் தவிர வேறு ஒரு ஒயரும் கொடுக்கவில்லை. லேப்டாப்பை மட்டும் இணைத்தேன். அம்புக்குறி வந்தது. எனேபிள் என்று அடித்தேன். புதுப் பெட்டிக்கு ரகசியச் சொல்லே கிடையாது, கேட்காமல் மேலே விட்டுவிடும்.

இது கேட்டது.

எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை. ஒரு சின்ன இடைவெளி. திரும்பவும் மூன்று. கடைசியில் கையை எடுத்துவிட்டு, யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கு ஒன்றாம் நிலை போதும்.

இரண்டு வரி வந்தது. ஒன்று நான். மற்றதில் பெயர் இல்லை, எந்தப் போர்ட் என்றும் இல்லை. கடைசியாக விசை தட்டி எத்தனை விநாடி ஆயிற்று என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது, இந்த விநாடியே யாரோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டேன். அப்போதும் பூஜ்யம்தான்.